பழைய ஏழு... புது மூணு!

எனக்கு ஒரு வியாதி உண்டு. எந்த டாக்டரிடம் காட்டினாலும் தீராது. செகண்ட்ஹாண்ட் வியாதி!

புதுச் சாமான் வாங்குகிறவர்களைப் பார்த்தால் எனக்கு இரக்கம் பொத்துக்கொண்டு வரும். 'ஐயோ பாவம், அட்டைப்பெட்டிக்கும் தெர்மகோலுக்கும் சேர்த்துக் காசு கொடுக்கிறானே' என்று உச்சுக் கொட்டுவேன். எங்கள் வீட்டில் ஃபிரிட்ஜ் பழசு. பீரோ பழசு. ஸ்கூட்டர் பழசு. "நல்லவேளை, கல்யாணம் மட்டும் புதுசா பண்ணிக்கிட்டீங்க" என்பாள் என் மனைவி.

என் பணத்தில் நான் பழசு வாங்கினால் யாருக்கு நஷ்டம்? அடுத்தவர் பணத்திலும் கை வைத்தேன் பாருங்கள், அங்கேதான் வினை. நாலு வருஷத்துக்கு முன்னால் என் அக்காவுக்கு 6,500 ரூபாயில் ஒரு பழைய வாஷிங் மெஷின் வாங்கிக் கொடுத்தேன். "கடையில புதுசு பதினாறாயிரம்க்கா. உனக்குப் பத்தாயிரம் மிச்சம்!" என்று ஊரெல்லாம் பீற்றிக்கொண்டேன். மூணாம் மாசம் அந்த மெஷின் துணியோடு சேர்ந்து தானும் ஆடி, கிணற்றடியிலிருந்து சமையலறை வாசல்வரை நடந்து வந்து, அங்கேயே உயிரை விட்டது.

அக்கா ஒரு வார்த்தை சொல்லவில்லை. அதன் மேல் ஒரு அரிசி மூட்டையை வைத்தாள். அன்றிலிருந்து நான் போகும்போதெல்லாம் அந்த மூட்டைக்கு நேர் எதிரே நாற்காலி போட்டுக் காபி கொடுக்கிறாள். காபி நன்றாகத்தான் இருக்கிறது. இறங்கத்தான் மாட்டேன் என்கிறது.

இந்தப் பின்னணியில் 2025 மே மாதம் அக்காவிடமிருந்து போன்.

"டேய், இவனுக்குக் கம்ப்யூட்டர் வேணுமாம். பி.காம். சேரப் போறான். டேலி கத்துக்கணும்ங்கறான். நீ கூடப் போய் வாங்கிக் கொடு."

போய்ப் பார்த்தால், 'டேலி கற்றுக்கொள்ள' மருமகப் பிள்ளை தயார் செய்து வைத்திருந்த சாமான்களில் ஒரு கிராபிக்ஸ் கார்டு இருந்தது! ஜி.டி.எக்ஸ். 1650. சிநேகிதனின் அண்ணன் பெங்களூருக்கு வேலைக்குப் போகும்போது மானிட்டர், கேபினெட், பவர் சப்ளை, எஸ்.எஸ்.டி. எல்லாவற்றையும் இவன் தலையில் கட்டிவிட்டுப் போயிருக்கிறான். பிராசஸர், மதர்போர்டு, ராம் இந்த மூன்றும்தான் பாக்கி.

"டேலிக்கு எதுக்குடா கிராபிக்ஸ் கார்டு?"

"பேலன்ஸ் ஷீட் பளிச்சுன்னு தெரியும் மாமா" என்றான், கண் சிமிட்டாமல். என் ரத்தம்!

பணம் இருபதாயிரம். பதினோராயிரம் அக்காவின் சீட்டுப் பணம். மீதி ஒன்பதாயிரம் அவனுடையது. லீவிலும் ஞாயிற்றுக்கிழமைகளிலும் கல்யாண மண்டபங்களில் பந்தி பரிமாறிச் சேர்த்தது. அக்கா கவரை என் கையில் கொடுத்து, "நீ கணக்குப் படிச்சவன். ஏமாற மாட்டே" என்றாள். சொல்லிவிட்டு அரிசி மூட்டையைப் பார்த்தாள். அல்லது பார்த்ததாக எனக்குத் தோன்றியது.

அந்த நிமிஷமே தீர்மானித்துவிட்டேன். இந்த இருபதாயிரத்தில் பாதியையாவது அப்படியே திருப்பிக் கொண்டுவந்து அக்கா கையில் வைத்து, அந்த வாஷிங் மெஷின் களங்கத்தைத் துடைத்தெறிவது என்று!

ரிச்சி தெரு உங்களுக்குத் தெரிந்திருக்கும். சென்னை அண்ணா சாலையிலிருந்து உள்ளே திரும்பினால், ஒரு காலத்தில் ரேடியோ பாகங்களுக்குப் பேர்போன தெரு. இப்போது கம்ப்யூட்டர், கேமரா, ஒயர், சார்ஜர் என்று கலந்துகட்டி விற்கிறார்கள். நடக்கவே இடமில்லாத தெருவில் எதிரே லோடு சைக்கிள் வந்தால் நாம் ஏதாவது ஒரு கடைக்குள் ஏறித்தான் ஆகவேண்டும். அப்படி ஏறிய கடையில்தான் எங்கள் கதை ஆரம்பித்தது.

கடைக்காரர் ஒரு சின்னச் சதுரத்தைக் காட்டினார். தபால் தலையைவிடக் கொஞ்சம் பெரிசு. "ஐ7 ஸார். ஒரு ஆபீஸ் மெஷின்ல இருந்து கழட்டினது. மூவாயிரத்து ஐநூறு."

"புது ஐ3 எவ்வளவு?"

"12100-எஃப் ஏழாயிரத்து ஐநூறு."

எனக்குப் புல்லரித்துவிட்டது. ஏழு பெரிசா, மூணு பெரிசா? ஒண்ணாங்கிளாஸ் குழந்தை சொல்லும். பெரிய நம்பர் பாதி விலைக்கும் குறைவு! ஐ7-4770. அட்டையில் வேகம் 3.4 கிகாஹெர்ட்ஸ் என்று போட்டிருந்தது. புது ஐ3-யில் 3.3. ஆக, வேகத்திலும் பழசுதான் ஒரு படி மேலே!

"பேக் பண்ணுங்க" என்று கவரைப் பிரித்தேன்.

"மாமா, ஒரு நிமிஷம்" என்று என்னை ஓரமாக இழுத்தான் பையன். "கிகாஹெர்ட்ஸை வச்சுப் பார்த்தா, 2004-ல வந்த பென்டியம் 4-ல 3.8 இருந்தது. அதையே வாங்கிடலாமா?"

திகைத்துப் போனேன். பள்ளிக்கூட நாட்களில் பிரவுசிங் சென்டரில் காசு கொடுத்து 'ரோடு ராஷ்' ஆடியபோது, பென்டியம் 4 என்றால் எங்களுக்கு ராக்கெட். இன்று அதைக் கொடுத்தால் பேரீச்சம்பழம்கூடத் தரமாட்டார்கள்.

"கிகாஹெர்ட்ஸ்ங்கறது ஒரு செகண்டுக்கு எத்தனை அடி எடுத்து வைக்குதுன்னு கணக்கு மாமா. 3.4-ன்னா 340 கோடி அடி. ஒரு அடியில எவ்வளவு தூரம் போகுதுன்னு அதுல இல்லை. இது 2013-ல வந்தது. அது 2022-ல வந்தது. ஒன்பது வருஷத்துல கால் நீளமாயிடுச்சு."

"அப்ப ஏழுக்கும் மூணுக்கும் மரியாதையே இல்லையா?"

"அது அந்தந்த வருஷத்து வரிசை. அந்த வருஷம் வந்ததுல இது உசத்தி, இது சாதாரணம், அவ்வளவுதான். 2013 ஐ7-ல நாலு கோர், எட்டு த்ரெட். இந்த ஐ3-லயும் அதே நாலு, அதே எட்டு. கேஷ் மெமரி அதுல 8 எம்.பி., இதுல 12. அன்னிக்கு ராஜா வீட்டுல இருந்தது இன்னிக்கு ரேஷன் கடைக்கு வந்திருச்சு மாமா."

பையன் சொன்ன இன்னொரு விஷயத்தை வாசகர்கள் குறித்துக்கொள்வது நல்லது. 'ஐ7 கம்ப்யூட்டர், அடிமாட்டு விலை' என்று விளம்பரம் வந்தால் ஐ7-ஐப் பார்க்கக் கூடாதாம். அதற்குப் பின்னால் வரும் எண்ணைப் பார்க்கவேண்டுமாம். 4770 என்றால் நாலாம் தலைமுறை. 12100 என்றால் பன்னிரண்டாம் தலைமுறை. எண்ணையே சொல்லாமல் வெறும் 'ஐ7' என்றால், அது கொள்ளுத் தாத்தா!

நானும் லேசில் விடுகிற ஆசாமி இல்லை. "கேம்ல எல்லா வேலையும் கிராபிக்ஸ் கார்டுதானேடா பண்ணுது? அது உன்கிட்டதான் இருக்கே. பிராசஸர் எப்படி இருந்தா என்ன?"

கொஞ்சம் யோசித்தான். பிறகு தனக்குத் தெரிந்த தொழிலிலிருந்து ஆரம்பித்தான்.

"பந்தியில நாங்க முப்பது பேர் வாளியோட நிப்போம் மாமா. அதுதான் கிராபிக்ஸ் கார்டு. எங்களை மேய்க்கறதுக்கு ஒரு சூப்பர்வைசர் இருப்பார். 'மூணாவது வரிசைக்கு சாம்பார், அந்தப் பெரியவருக்கு ரசம், கடைசி இலைக்கு அப்பளம்'னு சொல்லிக்கிட்டே இருக்கணும். அதுதான் பிராசஸர். கேம்ல எதிரி எங்கே நிக்கறான், குண்டு எங்கே படுது, கதவு திறந்ததா எல்லாத்தையும் கணக்குப் பண்ணி, இதை வரைன்னு அதுதான் சொல்லணும். சொல்ற ஆள் மெதுவா சொன்னா முப்பது பேரும் வாளியைப் பிடிச்சுக்கிட்டு சும்மா நிப்போம்."

"சரி, எத்தனை பந்தி?"

"திரையில ஒரு செகண்டுக்கு அறுபது படம் மாறணும். ஒரு பந்தியை 16 மில்லி செகண்டுல முடிச்சாகணும்."

நான் வாயைப் பிளந்தேன். எங்கள் குடும்பக் கல்யாணத்தில் முதல் பந்தியில் உட்காரவே முக்கால் மணி நேரம் ஆகும்!

"சராசரி அறுபது வருதுன்னு கடைக்காரர் போட்டுக் காட்டுவார். அதை மட்டும் நம்பக்கூடாது. எல்லாம் வேகமா போய்க்கிட்டு இருக்கும்போது, சாதம் போட்டுட்டு சாம்பார் மட்டும் பத்து நிமிஷம் வரலைன்னு வைங்க. மொத்த நேரத்துல சராசரி போட்டா பந்தி நல்லாத்தான் நடந்திருக்கும். ஆனா இலை முன்னாடி உட்கார்ந்தவர் சும்மா விடுவாரா? கேம்லயும் அப்படித்தான். நடுவுல ஒரு துளி நிக்கும். அந்தத் துளியிலதான் நம்மளைச் சுட்டுடுவான். பழைய பிராசஸர்ல அந்த நிக்கற இடம்தான் அதிகம்."

மூணு வருஷம் பி.காம்.மில் ஸ்டாடிஸ்டிக்ஸ் படித்த எனக்கு, சராசரியின் லட்சணத்தை ஒரு சாம்பார் வாளி புரியவைத்தது.

ஆனாலும் வீம்பு விடுமா? "இப்ப நீ ஆடற ஆட்டம் இதுல ஓடுமா, ஓடாதா? ஒரே வார்த்தை."

பையன் பொய் சொல்லத் தெரியாதவன். "ஓடும் மாமா. என் கார்டுக்கும் அறுபது ஹெர்ட்ஸ் மானிட்டருக்கும் இப்போதைக்கு அதுவே போதும்னுகூடச் சொல்லலாம்."

"அப்புறம் என்னடா! இதை எடுத்துக்கிட்டா மீதிப் பணத்தை அம்மாகிட்டக் கொடுத்துடலாம். சந்தோஷப்படுவாங்க."

அவன் ஒரு விநாடி என்னைப் பார்த்தான். பிறகு தலையைக் குனிந்துகொண்டு, "நீங்க சொன்னா சரி மாமா" என்றான்.

இந்த 'நீங்க சொன்னா சரி' இருக்கிறதே, அதைக் கேட்டால் ஜெயித்த மாதிரி இருக்கவேண்டும். ஆனால் எனக்கு அக்கா வீட்டுக் காபி மாதிரி தொண்டையில் நின்றது. "முதல்ல ஒரு டீ குடிப்போம்" என்று கடையைவிட்டு இறங்கினேன்.

டீக்கடையில் அவன் கிளாஸை வாங்கும்போதுதான் கவனித்தேன். வலது மணிக்கட்டில் ஐந்து ரூபாய் நாணயம் அளவுக்கு ஒரு தழும்பு.

"என்னடா இது?"

"ரசம் மாமா. வாளி சாஞ்சிடுச்சு. ஆறிடுச்சு."

நான் பஜ்ஜி சுற்றிக் கொடுத்த பேப்பரின் பின்பக்கத்தில் கணக்குப் போட ஆரம்பித்தேன். நடுவில் ஒரு கோடு. இடது பக்கம் பழசு, வலது பக்கம் புதுசு. கடைக்காரர் சொன்ன விலைகளை வரிசையாக எழுதினேன்.

பழசு: பிராசஸர் 3,500. அதற்குப் பொருந்தும் போர்டு 3,000. பழைய டி.டி.ஆர்.3 ராம் 16 ஜி.பி. 1,600. ஆக 8,100.

புதுசு: பிராசஸர் 7,500. போர்டு 6,000. டி.டி.ஆர்.4 ராம் 16 ஜி.பி. 3,000. ஆக 16,500.

வித்தியாசம் 8,400 ரூபாய். இதுதான் நான் அக்கா முன்னால் அடிக்க நினைத்த ஜம்பத்தின் விலை!

கணக்கு என்று உட்கார்ந்துவிட்டால் எனக்குத் தேய்மானம் போடாமல் தூக்கம் வராது. அந்த ஐ7 புதுசாக இருந்தபோது இருபதாயிரம் என்று வைத்துக்கொள்வோம். கம்ப்யூட்டருக்கு வருமான வரிச் சட்டத்தில் 60 சதவிகிதம் தேய்மானம் இருந்தது. 2017-18 நிதியாண்டிலிருந்து 40 ஆக்கினார்கள். 2013-14-லிருந்து நாலு வருஷம் 60, அப்புறம் எட்டு வருஷம் 40 என்று கழித்துக்கொண்டே வந்தேன். 2025 மார்ச் முடிவில் புத்தக மதிப்பு எவ்வளவு வந்தது தெரியுமா?

எட்டு ரூபாய் அறுபது பைசா!

நான் வாங்கிக் குடித்த டீயைவிட மலிவு. அதைத்தான் மூவாயிரத்து ஐநூறுக்கு 'அடித்துப் பிடித்து' வாங்கப் பார்த்தேன்!

"அதுக்காக அது குப்பைன்னு சொல்ல முடியாது மாமா" என்றான் பையன், நியாயஸ்தன். "பிராசஸர் சுலபத்துல சாகாது. அதுல அசையற பாகமே இல்லை. பன்னெண்டு வருஷம் ஓடினதுகூட இன்னும் ஓடும். போர்டுதான் பிரச்னை."

"போர்டுக்கு என்ன?"

"மாப்பிள்ளை நல்லவர்தான். ஆனா அவரோட குடும்பமே கூட வருதே! அந்த ஐ7-க்கு அடியில 1150 புள்ளி. அதுக்குன்னு ஒரு சாக்கெட். அந்த போர்டைப் பெரிய கம்பெனிகள் நிறுத்திப் பல வருஷமாச்சு. இப்பக் கிடைக்கறது ஒண்ணு ஆபீஸ்ல கழட்டின பழசு, இல்லைன்னா பேர் தெரியாத தயாரிப்பு. கடைக்காரர் தர்றது ஒரு வாரம் டெஸ்டிங் வாரண்டி. ராமும் பழைய வகை. நாளைக்குப் புது மெஷினுக்கு மாறினா அது உதவாது. மேலே ஏறணும்னாலும் 2014-ல வந்த 4790-கே வரைக்கும்தான். அதோட தெரு முடிஞ்சிடும். முட்டுச் சந்து."

"புதுசுக்கு?"

"1700 புள்ளி. அதே போர்டுல பன்னிரண்டு, பதிமூணு, பதினாலு மூணு தலைமுறையும் உட்காரும். பிராசஸருக்குப் பெட்டியோட மூணு வருஷம் வாரண்டி." கொஞ்சம் தயங்கிவிட்டுச் சொன்னான். "ஆனா இதுவும் கடைசி மாடல் இல்லை மாமா. 2024 அக்டோபர்லயே 1851 புள்ளி வந்தாச்சு. இந்த ஐ3 வந்தே மூணு வருஷம் ஆச்சு."

எனக்கு உயிர் வந்தது. "அட! அப்ப இதுவும் பழசுதானா?"

"பழசுதான். ஆனா யாரும் உபயோகிக்காத பழசு."

என் வியாதிக்கு இதைவிட நல்ல மருந்து உண்டா!

"இன்னொண்ணு மாமா. விண்டோஸ் 10-க்கு வர்ற அக்டோபர் 14-ஓட இலவச அப்டேட்டை நிறுத்தறாங்க. விண்டோஸ் 11-க்கு எட்டாம் தலைமுறைக்கு மேலே வேணும்னு கம்பெனியே சொல்லியிருக்கு. நாலாம் தலைமுறையில குறுக்கு வழியில ஏத்தலாம். ஆனா நான் ஆடற வேலரன்ட், விண்டோஸ் 11-ல டி.பி.எம். 2.0 இல்லைன்னா உள்ளேயே விடாது. வாங்கி அஞ்சு மாசத்துல முழிக்கணும்."

"இதையெல்லாம் கடையிலேயே சொல்றதுக்கென்னடா?"

"நீங்க பணத்தை எடுத்துட்டீங்களே மாமா..."

அவ்வளவுதான் சொன்னான். எனக்குச் சுருக்கென்றது.

யோசித்துப் பார்த்தேன். நான் இந்தப் பையனுக்காகவா பிராசஸர் வாங்க வந்தேன்? இல்லை. ஒரு செத்துப்போன வாஷிங் மெஷினுக்காக வந்தேன். மிச்சப் பணத்தை அக்கா கையில் வைக்கும்போது அவள் முகம் எப்படி மலரும் என்று ரயிலில் வரும்போதே ஒத்திகை பார்த்தாகிவிட்டது. அந்தக் காட்சியில் பையனே இல்லை! வாளி தூக்கி, ரசத்தில் வெந்து, ஒன்பதாயிரம் சேர்த்தவன் அவன். அந்தப் பணத்தில் நல்ல பேர் வாங்கப் பார்த்தது நான். மிச்சம் பிடிப்பது நல்ல பழக்கம்தான். அடுத்தவனுக்கு வேண்டியதைக் குறைத்து நாம் பிடிக்கிற மிச்சத்துக்கு அந்தப் பேர் பொருந்துமா?

பஜ்ஜி பேப்பரைக் கசக்கிப் போட்டேன். "வாடா. மூணே வாங்கலாம்."

கடைக்குத் திரும்பினால் ஒரு வேடிக்கை. நாங்கள் விட்டுவிட்டு வந்த அதே ஐ7-ஐ ஒருவர் உள்ளங்கையில் வைத்து, பேரனைப் பார்ப்பதுபோல் பார்த்துக்கொண்டிருந்தார். டி.டி.பி. சென்டர் வைத்திருக்கிறாராம்.

நான் சும்மா இருப்பேனா? "ஸார், அது எட்டு ரூபாய் அறுபது காசு..." என்று ஆரம்பித்தேன். பையன் என் சட்டையைப் பிடித்து இழுத்தான்.

அவர் சிரித்தார். "என்கிட்ட நாலாம் தலைமுறை ஐ3 மெஷின் ஓடிக்கிட்டிருக்கு ஸார். போர்டு இருக்கு, ராம் இருக்கு. இதை மாட்டினா இன்னும் ரெண்டு வருஷம் தள்ளிடும். புதுசுக்குப் போனா மூணையும் மாத்தணும்."

கணக்குப் பார்த்தேன். நூற்றுக்கு நூறு சரி! அவர் வீட்டில் குடும்பம் ஏற்கெனவே இருக்கிறது; மாப்பிள்ளை மட்டும்தான் தேவை. அவருக்கு அந்தப் பழைய ஏழு லாபம். எங்களுக்கு அதே பழைய ஏழு நஷ்டம். சாமான் ஒன்றுதான், விலையும் ஒன்றுதான். வாங்குகிறவர் வீட்டில் என்ன இருக்கிறது என்பதில்தான் கணக்கே மாறுகிறது. இந்த விஷயம் என் வியாதி ஆரம்பித்த நாளிலேயே தெரிந்திருந்தால் எத்தனையோ மூட்டைகளை இறக்கி வைத்திருக்கலாம்.

அவர் கெட்டிக்காரரும்கூட. வெறும் கையோடு வரவில்லை. தன் மெஷினையே ஆட்டோவில் தூக்கிக்கொண்டு வந்திருந்தார். அங்கேயே மாட்டச் சொல்லி, எண்ணைத் திரையில் காட்டச் சொல்லி, கால் மணி நேரம் சூடேற ஓடவிட்டுப் பார்த்தார். பழைய பசையைத் துடைத்துப் புதுப் பசை தடவச் சொன்னார். நான் வாஷிங் மெஷின் வாங்கியபோது அதைத் தட்டிப் பார்த்தேன். 'டங்' என்று சத்தம் வந்ததும் திருப்தியாகிவிட்டது!

எங்கள் சாமான்களைப் பில் போட்டு வாங்கினோம். பில் கேட்டு வாங்கியது என் வாழ்க்கையில் அபூர்வம் என்பதால் ஒரு முறை தடவிப் பார்த்தேன்.

ரயிலில் திரும்பும்போது பையன் மெதுவாகச் சொன்னான். "மாமா, இன்னும் மூணு வருஷத்துல இதே போர்டுக்குப் பதிமூணாம் தலைமுறை ஐ5 பழசு சல்லிசா வரும். அப்ப அதை வாங்கி மாட்டிக்கலாம். அப்ப நீங்கதான் வரணும்."

எனக்குக் கண்ணில் நீர் வராத குறை. "வர்றேன்டா! நல்லாப் பேரம் பேசலாம்!"

"பேரம் பேசறதுக்கு முன்னாடி ஒண்ணு பார்க்கணும். பதிமூணு, பதினாலுல சில பெரிய மாடல்கள் அதிக வோல்டேஜ் போய்க் கெட்டுப்போச்சு. 2024-ல இன்டெலே ஒத்துக்கிட்டு, திருத்தம் கொடுத்து, வாரண்டியை ரெண்டு வருஷம் நீட்டினாங்க. அதனால எந்த மாடல், திருத்தம் போட்டு ஓட்டினதான்னு கேட்டுத்தான் வாங்கணும்."

ஆக, புதுசு என்றால் பத்தரை மாற்று என்றும் நம்பக்கூடாது. பழசு என்றால் தள்ளுபடி என்றும் ஒதுக்கக்கூடாது. எதுவானாலும் எண்ணைப் பார், வருஷத்தைப் பார், குடும்பத்தைப் பார். பதினேழு வயசுப் பையனுக்குத் தெரிகிறது. பி.காம். படித்தவனுக்கு முப்பத்தாறு வயசில்தான் தெரிந்தது.

வீட்டில் அக்கா வாசலிலேயே நின்றிருந்தாள்.

"எவ்வளவுடா ஆச்சு?"

"பதினாறாயிரத்து ஐநூறுக்கா."

"மிச்சம்?"

"மூவாயிரத்து ஐநூறு." கவரை நீட்டினேன். ஒத்திகை பார்த்த வசனம் ஒன்றுகூட வாயில் வரவில்லை.

அவள் வாங்கவில்லை. "அவன்கிட்டயே கொடு. அவன் பணமும் அதுல இருக்கில்லே" என்றாள். பையன் அதற்குள் தரையில் சாமான்களைப் பரப்பிக்கொண்டு, ஸ்க்ரூ டிரைவரைப் பல்லில் கடித்தபடி உட்கார்ந்துவிட்டான். ஒரு மணி நேரத்தில் பெட்டிக்குள் விளக்கு எரிந்தது. பையன் முகத்திலும்தான்.

பிறகு அக்டோபர் 14 வந்தது, போனது. விண்டோஸ் 10 வைத்திருந்தவர்களுக்கு 2026 அக்டோபர்வரை ஒரு வருஷ நீட்டிப்பு கொடுத்தார்கள். எங்கள் மெஷின் அந்தக் கவலையெல்லாம் இல்லாமல் 11-ல் ஓடிக்கொண்டிருந்தது. தீபாவளிக்குப் போனபோது பார்த்தேன். பையன் காலையில் டேலி போட்டான்; ராத்திரி சுட்டுத் தள்ளினான். என்னையும் ஒரு ஆட்டம் ஆடச் சொன்னான். நாலு செகண்டில் செத்துப்போனேன். பிராசஸர் மேல் பழி போட வழியில்லாமல் போய்விட்டது!

"காபி கலக்கறேன், உட்காரு" என்றாள் அக்கா.

வழக்கமான இடத்தைப் பார்த்தேன். நாற்காலி அங்கே இல்லை. ஜன்னல் பக்கம், காற்று வருகிற இடத்தில் போட்டிருந்தாள். அரிசி மூட்டை என் முதுகுக்குப் பின்னால் இருந்தது.

காபி நன்றாக இறங்கியது.